அறுபதாம் நம்பர் பொத்தான்

“சார்... இவரு யாருக்கும் ஓட்டு போட மாட்டாராம் சார்!”

2011 ஏப்ரல் 13-ம் தேதி, காலை எட்டரை மணி. தண்டையார்பேட்டையில் ஒரு கார்ப்பரேஷன் ஸ்கூல், மூன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவு. கரும்பலகையில் யாரோ ஒரு குழந்தை வரைந்த மயில் பாதி அழிந்திருந்தது. அந்த மயில் சாட்சியாக என் மானம் போன சத்தம்தான் மேலே நீங்கள் படித்தது.

கத்தியவர் விரலில் மை வைக்கிற அம்மாள். அவர் மேல் தப்பில்லை. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். மை வைத்துக்கொண்டேன். அதுவரை நல்ல பிள்ளைதான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மேடம்... 49-ஓ” என்றேன். நான் வரிசை எண் சொல்கிறேன் என்று நினைத்து, அவர் பட்டியலில் விரலை ஓட்டி, “நாப்பத்தொம்பது லேடி ஆச்சே சார்!” என்றார்.

“அதில்லை மேடம். நிக்கறவங்க யாரையும் எனக்குப் பிடிக்கலை. அதை நீங்க எழுதிக்கணும். ரூல் இருக்கு.”

அதற்கப்புறம்தான் அந்தக் கத்தல்.

பிரிசைடிங் ஆபீசர் எழுந்து வந்தார். எங்கோ கணக்கு வாத்தியாராக இருப்பவர் போலிருக்கிறது. ஹோம்வொர்க் செய்யாத பையனைப் பார்க்கிற பார்வை. “ஏன் தம்பி, இத்தனை பேர் நிக்கறாங்க... ஒருத்தரைக்கூடவா புடிக்கலை?” என்றார், பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையிடம் தரகர் கேட்கிற தொனியில். பிறகு கைப்புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல்: “இன்னா சார், உள்ள எவனாவது பத்திரம் ரிஜிஸ்டர் பண்ணிக்கினு கீறானா?”

கடைசியில் விதி கிடைத்தது. என் பெயருக்கு எதிரே ‘வாக்களிக்க விரும்பவில்லை’ என்று எழுதி, அதன் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து வாங்கினார். இத்தனையும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூத் ஏஜென்ட்டுகள் கண் முன்னால். எல்லோரும் எங்கள் ஏரியாக்காரர்கள். ஒருவர் எனக்குக் கிரிக்கெட் பந்து வீசக் கற்றுக்கொடுத்தவர். அவர் ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஸ்கூலிலிருந்து வீடு ஐந்து நிமிஷ நடை. செய்தி என்னைவிட வேகமாக நடந்திருந்தது. வாசலில் அம்மா.

“இன்னாடா பண்ணிட்டு வந்தே? உனுக்கு ஊர்ல ஒருத்தரும் யோக்கியன் இல்லியா? நீ பெரிய அரிச்சந்திரன் பேரனா?”

சாயங்காலம் ஒரு கட்சிக்காரர் வந்தார். “தம்பி, எங்க மேல எதுனா வருத்தமா?” அவர் படியிறங்கும்போது எதிர்க்கட்சிக்காரர் படியேறினார். “தம்பி, எங்க மேல எதுனா வருத்தமா?” எதிரும் புதிருமான இரண்டு கட்சிகள் ஒரே வாசலில் ஒரே கேள்வியோடு நின்றது எங்கள் தெரு வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

இதுவரை சிரித்துவிட்டீர்கள் அல்லவா? இனி சொல்வது சிரிப்பில்லை.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அம்மா விதவை உதவித்தொகைக்கு மனு போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மனு தானாக நகராது. யாராவது கூடப் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஏரியாவில் ஒரு பிரமுகர் இருந்தார். அம்மா அவரிடம் போய் நின்றபோது, மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: “உங்க புள்ளதான் யாருமே வேணாம்னு எழுதிக் குட்த்துட்டாரேம்மா... அப்புறம் எங்களை ஏன் தேடி வரீங்க?”

அம்மா வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, உலை வைத்து, திரும்பாமலே சொன்னார்: “நீ சொன்னது தப்பில்லடா. சத்தமா சொல்ட்ட. அதான் தப்பு.”

*

நான் ஏன் அப்படிச் செய்தேன்? பெரிய லட்சியமெல்லாம் இல்லை. எங்கள் தெருக் குழாயில் குடிதண்ணீரோடு சாக்கடையும் கலந்து வந்துகொண்டிருந்தது. குடத்தை வைத்தால் பாதி காவிரி, பாதி கூவம். தெருவே சேர்ந்து மூன்று கட்சிக்காரர்களிடம் மனு கொடுத்தோம். மூவரும் மனுவை வாங்கி, சிரித்து, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் அப்படியேதான் வந்தது.

அந்த நாட்களில் 49-ஓ ஒரு ஜுரம் மாதிரி பரவியிருந்தது. பத்திரிகையாளர் ஞாநி அதைப் பற்றி விடாமல் எழுதினார். ‘ஓ போடு’ என்று கல்லூரிப் பையன்கள் பேசினார்கள். ஒரு இ-மெயில் வேறு ஊர் ஊராகச் சுற்றியது: ஜெயித்தவரின் ஓட்டு வித்தியாசத்தைவிட 49-ஓ அதிகமாக விழுந்தால் தேர்தல் செல்லாது, நின்றவர்கள் மறுபடி நிற்க முடியாது என்று! நானும் அதைப் பத்துப் பேருக்கு ஃபார்வர்டு செய்த புண்ணியவான். சுத்தப் பொய். 1961-ம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ என்று ஒன்று இருந்தது உண்மை. ஆனால் ஒருவர் வந்தார், கையெழுத்துப் போட்டார், ஓட்டுப் போடாமல் போனார் என்று ரிஜிஸ்டரில் குறித்துவைப்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கணக்குப் புத்தகம் நேராக இருக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விதி அது. அதைப் போய் நாம் பாசுபதாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டோம்.

அப்புறம் 2013 வந்தது. பி.யூ.சி.எல். அமைப்பு 2004-ல் போட்ட வழக்கில் செப்டம்பர் 27-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. தலைமை நீதிபதி நம் ஈரோடு மாவட்டத்துக்காரர், பி.சதாசிவம். யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பது எப்படி ரகசியமோ, யாருக்கும் போடவில்லை என்பதும் அப்படியே ரகசியமாக இருக்க வேண்டும் என்றது கோர்ட். ரகசியத்தை உடைக்கிற அளவுக்கு அந்த விதி செல்லாது. மெஷினிலேயே ஒரு பொத்தான் வை என்று தேர்தல் கமிஷனுக்கு உத்தரவு. வேண்டாம் என்று நிறையப் பேர் சொல்ல ஆரம்பித்தால், கட்சிகள் நல்ல ஆளாகப் பார்த்து நிறுத்தும் என்று நம்பிக்கையும் சொன்னது.

தீர்ப்பை ரயிலில் பேப்பரில் படித்தபோது எனக்கு அம்மாவின் முதுகுதான் ஞாபகம் வந்தது. ‘சத்தமா சொல்ட்ட, அதான் தப்பு.’ சுப்ரீம் கோர்ட் பக்கம் பக்கமாக எழுதியதை எங்கள் அம்மா உலை கொதிக்கிற நேரத்தில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறாரே!

தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதன்முதலாக வேலை செய்தது அதே வருஷம் டிசம்பர் 4-ம் தேதி, ஏற்காடு இடைத்தேர்தலில். நான்காயிரத்துச் சொச்சம் பேர் அமுக்கினார்கள். அடுத்த வருஷம் பார்லிமென்ட் தேர்தலில் நீலகிரியில் 46,559 பேர். அந்தத் தேர்தலில் இந்தியாவிலேயே அதிகம் அதுதான். 2015-ல் ஓட்டுச்சீட்டின் மேல் பெருக்கல் குறி போட்ட மாதிரி நோட்டாவுக்கு ஒரு சின்னமும் வந்தது. அதே வருஷம் கவுண்டமணி நடித்த ‘49-ஓ’ சினிமாவும் வந்தது. விதியின் வேலையைப் பொத்தான் எடுத்துக்கொண்டு இரண்டு வருஷம் கழித்துப் படம்! நம் வேகம் அப்படி.

*

எனக்கு அந்தப் பொத்தானை அமுக்க மிகப் பொருத்தமான ஒரு தேர்தல் வந்தது. 2017, ஆர்.கே.நகர்.

நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜெயலலிதா 2016 டிசம்பரில் இறந்ததால் வந்த இடைத்தேர்தல். 2017 ஏப்ரல் 12 என்று தேதி குறித்தார்கள். எங்கள் தெரு அந்த மாதிரி ஒரு திருவிழாவைப் பார்த்ததில்லை. டீக்கடையில் கடன் சொல்கிறவனே இல்லை. பணம் தண்ணீராக ஓடுகிறது என்று நாடு முழுக்கப் பேச்சு. வருமான வரி ரெய்டு. கடைசியில் 9-ம் தேதி ராத்திரி தேர்தல் கமிஷன் தேர்தலையே ரத்து செய்தது.

தேர்தல் ரத்து. ஆனால் கவர் ரத்தாகவில்லை.

ஆமாம், எங்கள் வீட்டுக்கும் ஒரு கவர் வந்திருந்தது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். தொகையையும் கேட்காதீர்கள், பக்கத்துத் தெருவில் குறைத்துக் கொடுத்திருந்தால் இப்போதும் சண்டை வரும். கொண்டுவந்தவர் அம்மாவை சாமி படத்தின் மேல் கை வைக்கச் சொல்லித்தான் கொடுத்தார். அம்மாவும் வைத்தார். தேர்தல் ரத்தானதும் அம்மாவுக்கு ராத்தூக்கம் போச்சு. “ஏன்டா... எலெக்‌ஷனே இல்லன்னா, அந்தச் சத்தியம் செல்லுமா?”

இதை நான் ஆபீஸில் சொன்னேன். எங்கள் ஆபீஸ் ராயபுரம் கல்மண்டபம் பக்கம்; துறைமுகத்துக்கு வருகிற சரக்கைக் கஸ்டம்ஸில் கிளியர் செய்து கொடுப்பது தொழில். எங்கள் ஹெட்கிளார்க் திருவொற்றியூர்க்காரர். எல்லாவற்றையும் துறைமுகச் சட்டத்தால் அளப்பவர். “சரக்கு வரலைன்னா அட்வான்ஸைத் திருப்பணும். அதான் முறை” என்றார். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “திருப்பறதுக்கு இருந்தாதானேடா? மிக்ஸி வாங்கிட்டேனே!”

டிசம்பர் 21-ம் தேதி மறுபடி தேர்தல். 59 வேட்பாளர்கள். ஒரு மெஷினில் 16 பொத்தான். ஆக நாலு மெஷின்களை வரிசையாக, மளிகைக்கடைப் பெட்டிகள் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். அறுபதாவது நோட்டா. நாலாவது மெஷினில் பன்னிரண்டாவது பொத்தான். கோயிலில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே நடந்து போய் அமுக்கினேன். பீப் என்றது. யாரும் கத்தவில்லை. யாரும் துண்டுச் சீட்டில் குறிக்கவில்லை. வெளியே வந்தால் அதே பழைய பூத் ஏஜென்ட், எனக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்தவர், “நம்மளுக்குத்தானே தம்பி?” என்றார். நான் பொதுவாகச் சிரித்து வைத்தேன். ஆறு வருஷம் கழித்துக் கிடைத்த நிம்மதி.

ஆனால் வீட்டுக்கு வந்து இட்லியைத் தொட்டு வாயில் வைத்தபோது ஒன்று உறைத்தது. சட்னி, அந்த மிக்ஸியில் அரைத்தது. காலையிலும் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போய், “உங்களில் ஒருத்தனும் யோக்கியன் இல்லை” என்று அமுக்கிவிட்டு வந்திருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். “நீ வாங்கினே. நான் வாங்கல. அதனால நான் மாத்திப் போட்டா தப்பில்ல” என்று வக்கீல் மாதிரி வாதாடினேன்.

“மிஷினுக்குத் தெரியாதுடா. மிக்ஸிக்குத் தெரியும்” என்றார் அம்மா.

*

24-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை எண்ணினார்கள். குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி.தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தி.மு.க.வுக்கே டெபாசிட் போனது. எனக்கு முக்கியமான செய்தி கீழே இருந்தது. நோட்டா 2,373. மத்தியில் ஆண்டுகொண்டிருந்த பா.ஜ.க. 1,417.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போனால், பையன்கள் எனக்குச் சால்வை (கேன்டீன் மேஜைத்துணி) போர்த்தினார்கள். “உங்க வேட்பாளர் ஒரு தேசியக் கட்சியையே தோக்கடிச்சிட்டாரு சார்! போஸ்டர் இல்ல, மைக் இல்ல, பிரியாணி இல்ல... சாதனை!”

ஹெட்கிளார்க் மட்டும் பில்லிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: “சரிப்பா. நோட்டா எப்போ பதவி ஏத்துக்கறாரு?”

சிரிப்பு அடங்கியதும் அவரே விளக்கினார். அந்த விளக்கத்தை இன்றுவரை வேறு எவரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கேட்டதில்லை.

“நம்ம ஆளு குடோன்ல சரக்கு எடுக்கறான். பெட்டி உடைஞ்சு கிடக்கு. இன்னா பண்றான்? சலான்ல ‘பெட்டி உடைந்த நிலையில் பெற்றுக்கொண்டேன்’னு எழுதிக் கையெழுத்துப் போடறான். எழுதலாம்பா, யாரும் தடுக்கலை. ஆனா பெட்டியைத் தூக்கிக்கினுதான் வரணும். உன் நோட்டா அதான்.”

உண்மைதான். நூறு பேர் ஓட்டுப் போட்டு, 99 பேர் நோட்டாவை அமுக்கி, ஒருவர் மட்டும் ஒரு வேட்பாளருக்குப் போட்டால், அந்த ஒரு ஓட்டு வாங்கியவர்தான் எம்.எல்.ஏ. டெபாசிட் கணக்குப் பார்க்கும்போதுகூட நோட்டாவைச் செல்லுபடியான ஓட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2024-ல் இந்தூர் பார்லிமென்ட் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் வாபஸ் வாங்கிக்கொண்டு போய்விட, 2,18,674 பேர் நோட்டாவை அமுக்கினார்கள். இரண்டாவது இடம்! ஜெயித்தவருக்கு ஒரு முடிகூட உதிரவில்லை. ஜனங்களும் சீக்கிரம் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 2016 சட்டசபைத் தேர்தலில் ஐந்தரை லட்சத்துக்கு மேல் விழுந்த நோட்டா, 2021-ல் மூன்றரை லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வேட்பாளர்கள் திடீரென்று தங்கமாகிவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கவில்லை.

அன்று நான் ஹெட்கிளார்க்கிடம் சொன்னதையேதான் இன்றும் சொல்கிறேன். உடைந்த பெட்டியைத் திருப்பி அனுப்புகிற உரிமை வேண்டும். நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல். நின்றவர்கள் அதில் நிற்கக்கூடாது.

“மறுபடி எலெக்‌ஷனா? செலவு யாரு உங்கப்பனா குடுப்பான்?” என்றார்.

“சார், ஆர்.கே.நகர்ல 2015-ல ஒரு இடைத்தேர்தல். 2016-ல பொதுத்தேர்தல். 2017-ல ஏற்பாடெல்லாம் பண்ணி ஒரு தேர்தல் ரத்து. அப்புறம் இன்னொண்ணு. பணம் குடுத்தவனால ஒரு தேர்தலை நிறுத்த முடியுது. பணம் வாங்காதவன் ‘வேணாம்’னு சொன்னா நிறுத்த முடியாதா?”

ஹெட்கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தோற்றால் அதைத்தான் செய்வார். ஆனால் முழுக்கத் தோற்கவில்லை. “அப்பவும் நோட்டாவே வந்தா? ஆயுசுக்கும் எலெக்‌ஷன் நடத்தினு இருப்பியா?”

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. மறு வருஷமே கிடைத்தது. 2018-ல் மகாராஷ்டிராவும் ஹரியானாவும் தங்கள் உள்ளாட்சித் தேர்தல்களில் இதைக் கொண்டுவந்தன. நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல். ஹரியானாவில் நோட்டாவிடம் தோற்றவர்கள் அந்த மறுதேர்தலில் நிற்க முடியாது. இரண்டாவது தடவையும் நோட்டாவே வந்தால், அடுத்த இடத்தில் இருப்பவர் ஜெயித்தவர். அவ்வளவுதான், ஆயுசுக்கும் இல்லை, ஒரே ஒரு தடவை. உடைந்த பெட்டியை ஒரு தடவை திருப்பலாம். இரண்டாவது தடவை வாங்கித்தான் ஆகணும். ஹெட்கிளார்க்கே ஒப்புக்கொண்டார், “வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகும்” என்று.

எனக்கே உறுத்துகிற ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மெஷின் காரணம் கேட்பதில்லை. ஆள் ஊழல்வாதி என்று ஒருவர் அமுக்கலாம். ஆள் நம்ம சாதி இல்லை என்று இன்னொருவர் அமுக்கலாம். தனித் தொகுதிகளில் நோட்டா அதிகம் விழுவதைப் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். நல்ல வேட்பாளர் ஒருவரை அந்த மாதிரி வெறுப்பு திருப்பி அனுப்பிவிட்டால்? அதனால்தான் நோட்டா கொஞ்சம் அதிகமாக விழுந்தாலே ரத்து என்கிற பழைய இ-மெயில் கதை எனக்கு இப்போது பிடிக்கவில்லை. எல்லா வேட்பாளரையும் தாண்டினால் மட்டும், ஒரே தடவை மட்டும்.

இன்னொன்று. திருப்பி அனுப்பினால் மட்டும் போதாது, வேறு நல்ல சரக்கு வர வேண்டும். 49-ஓ கேட்ட ஞாநியே 2014-ல் ஆலந்தூர் இடைத்தேர்தலில் ஆம் ஆத்மி வேட்பாளராக நின்றார். 1996-ல் மொடக்குறிச்சியில் தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் அலை அலையாக மனுத்தாக்கல் செய்து, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அடிக்க வேண்டியதாயிற்று! பொத்தான் இல்லாத காலத்தில் அவர்களே பொத்தானாக நின்றார்கள். அரசாங்கம் என்ன செய்தது? டெபாசிட் தொகையை உயர்த்தியது.

*

2022 பிப்ரவரி 19. சென்னை கார்ப்பரேஷன் தேர்தல். குழாய்த் தண்ணீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு... எனக்கு 49-ஓ ஜுரம் வந்ததற்குக் காரணமான அத்தனைக்கும் பொறுப்பான கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல். உற்சாகமாகப் போய் மெஷினில் கடைசிப் பொத்தானைத் தேடினேன்.

இல்லை.

சட்டசபைக்கு உண்டு, பார்லிமென்ட்டுக்கு உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலில் அன்று நோட்டா வைக்கவில்லை. விதிகளில் அதற்கு இடமில்லையாம். மகாராஷ்டிரா எங்கே ஆரம்பித்ததோ, அங்கே நாம் வாசலையே வைக்கவில்லை. அன்று சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதத்துக்குச் சற்று மேல். மீதிப் பேர் வீட்டிலேயே உட்கார்ந்து நோட்டா போட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கை யார் எண்ணுவது?

இத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் 2023 டிசம்பர் வந்தது.

அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, எண்ணூரில் ஒரு மீனவக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றிலும் கழிமுகத்திலும் பரவியது. சித்தப்பா வலை, படகு, சித்தி வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. மூன்று வாரம் அதைச் சுரண்டினார்கள். 26-ம் தேதி ராத்திரி, கடலுக்கடியில் போகிற குழாயில் அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல். நடுராத்திரியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடியது. விடிகாலை மூன்றரை மணிக்குச் சித்தி எங்கள் வாசலில் நின்றார். காலில் செருப்பில்லை. அம்மா தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டார். சித்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அக்கா, ஓட்டு கேக்க எத்தினி பேர் வந்தான் எங்க குப்பத்துக்கு? நேத்து ஒருத்தன் வந்தானா?”

நான்கு மாதம் கழித்து பார்லிமென்ட் தேர்தல். 2024 ஏப்ரல் 19. அதற்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி ஒன்பதரைக்குக் கதவு தட்டப்பட்டது. வந்தவர் கையில் கவர்.

நான் உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா குரல் கேட்டது.

“வேணாம்பா.”

“ஏன்மா, கம்மியா? மேல பேசிச் சொல்றேன்.”

“அதில்லப்பா. வாங்கிட்டா கைய வெச்சி சத்தியம் பண்ணணும். பண்ணிட்டா மீற முடியாது. எனுக்கு இந்தத் தபா கை ஃப்ரீயா வேணும்.”

அவர் போய்விட்டார். அம்மா கதவைச் சாத்தி, ஒன்றும் நடக்காத மாதிரி சீரியலில் உட்கார்ந்துவிட்டார். நான் சோப்பு முகத்தோடு நின்றேன். கோர்ட், கமிஷன், ஹரியானா என்று நான் தேடிக்கொண்டிருந்த நிராகரிப்பு எங்கள் வாசல்படியில் நடந்து முடிந்திருந்தது. சத்தமில்லாமல்.

சட்டம் மாறட்டும். நோட்டாவுக்குப் பல் முளைக்கட்டும். கவுன்சிலர் தேர்தலிலும் அந்தப் பொத்தான் வரட்டும். அதெல்லாம் நான் வாதாடுவேன். ஆனால் ஓட்டுப் போடுகிற அன்றைக்கு ‘வேண்டாம்’ சொல்ல வேண்டுமென்றால், இரண்டு நாள் முன்னால் ஒரு தடவை ‘வேண்டாம்’ சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நோட்டாவா, நோட்டா என்பது முதலில் வீட்டு வாசலில் தீர வேண்டிய வழக்கு.

19-ம் தேதி காலையில் அம்மாவை அதே கார்ப்பரேஷன் ஸ்கூலுக்குக் கூட்டிப் போனேன். எனக்கு முன்னால் அவர் உள்ளே போனார். மறைப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். பீப் சத்தம் கேட்டது. வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் ஆர்வம் தாங்காமல் கேட்டேன்: “அம்மா, எதை அமுக்கினே? கடைசிப் பொத்தான்தானே?”

அம்மா நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அத உனுக்கு ஏன்டா சொல்லணும்? ரகசியம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டான்னு நீதானே சொன்னே?”